லா வெர்டியோராவின் பிளேடு உபகுழு

வைட்ஃபீல்டில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தின் பெயர் லா வெர்டியோரா. இதற்கு எந்த மொழியில் என்ன அர்த்தம் என்று கட்டியவருக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. நான் வாங்கியவன் அல்ல, வாடகைக்காரன். வாடகைக்காரனுக்கு இங்கே ஓட்டு கிடையாது. உரிமையாளர் சங்கக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். அப்படிப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். நடுநிலையோடு எழுதுவதாகப் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தச் சங்கத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

நான்கு டவர்களுக்கும் நடுவில் ஒரு புல்வெளி. தள்ளிக்கொண்டு போகிற சாதாரண மெஷினோடு இரண்டு ஆட்களை விட்டால் ஒரு காலைப்பொழுதில் வெட்டி முடித்துவிடலாம். ஆனால் நடந்து புல் வெட்டுவது சங்கத்துக்குக் கௌரவமாகப் படவில்லை. ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற, குட்டி டிராக்டர் போன்ற புல்வெட்டி ஒன்றை வாங்கினார்கள். சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அந்த வண்டியின் வயிற்றுக்கு அடியில், தகர மூடிக்குள், இரண்டு பிளேடுகள் சுற்றும். வெட்டுவது அவைதான், மற்றதெல்லாம் அலங்காரம்.

‘புல்லை மிதிக்காதீர்’ என்று சங்கமே புல்லின் நடுவில் ஓர் இரும்புப் பலகை நட்டிருந்தது. ஜூன் மாதம் பிறந்த கையோடு புல்வெட்டி அதில் போய் மோதி, பிளேடுகள் இரண்டும் வளைந்து போயின. பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே மழை பிடித்துக்கொண்டது.

இதில் மாட்டிக்கொண்டது மௌரீன்தான். பி டவரில் இருப்பவர். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் டீச்சர். கணவர் டென்சில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பார்க்கிறார். இவர்கள் மகள் லவினாவுக்கும் டிரேவர் என்கிற பையனுக்கும் அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில் சர்ச்சில் கல்யாணம், மாலையில் இந்தப் புல்வெளியில் ரிசப்ஷன். எத்தனையோ ஹால் இருக்க, புல்வெளிதான் என்று முடிவானதற்குக் காரணம் டிரேவரின் அம்மா ஆஞ்சலா. முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் வீல் சேரில் இருக்கிறார்.

“மாடி மேல ஹாலெல்லாம் வேணாம் மௌரீன்” என்று நிச்சயத்தன்றே சொல்லிவிட்டார். “நாலு பேரு என்னத் தூக்கினு போவாங்க, மொத்த சனமும் பாக்கும். என் புள்ள ரிசப்ஷனுக்கு நானே உருட்டிக்கினு உள்ள வரணும். நகை கேக்கல, புடவை கேக்கல. இது ஒண்ணுதான் கேக்குறேன்.”

மௌரீன் வாக்குக் கொடுத்தார். புல்வெளிக்கு மனுப்போட்டு அனுமதியும் வாங்கிவிட்டார். பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. இப்போது புல் கணுக்காலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

கணவனும் மனைவியும் சங்கத் தலைவர் சீனிவாசராகவனைப் பார்க்கப் போனார்கள். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவி. தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர் என்பதை எந்தப் பேச்சிலும் நுழைத்துவிடுவார். டென்சில் விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் முடித்தார்.

“பழசு மாதிரியே ரெண்டு பிளேடு அடுகோடி கடையில கிடைக்கும் சார். நான் ஆபீஸ் போற வழிதான், சாயந்தரம் வாங்கியாந்துடறேன்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மிஸ்டர் டென்சில், நீங்க சொல்றது சொல்யூஷன். நாம இன்னும் ப்ராப்ளத்தையே டிஃபைன் பண்ணலையே! ஆத்துக்குக் கத்திரிக்கா வாங்கறாப்ல பிளேடு வாங்கிண்டு வந்துட முடியுமா? இத்தனை குடும்பத்தோட புல் இது. நாளைக்கு ஒருத்தர் எழுந்து, ஏன் இந்த பிளேடு, ஏன் வேற பிளேடு இல்லைன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?”

“புல்லு வெட்டுதுன்னு சொல்லுங்க சார்” என்றார் மௌரீன்.

இந்தப் பதில் தலைவரைப் புண்படுத்தியது. ஆனாலும் பெருந்தன்மையாக ‘பிளேடு தேர்வு உபகுழு’ ஒன்றை அமைத்து, அதில் மௌரீனைப் ‘பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி’ ஆக்கினார். பேசலாம், ஓட்டுப் போட முடியாது. கிட்டத்தட்ட என் நிலைமைக்கு இறக்கிவிட்டார்கள்.

உபகுழுவின் அமைப்பாளர் ப்ரஹ்லாத், ஏதோ கம்பெனியில் புரோகிராம் மேனேஜர். முதல் கூட்டத்தில் ப்ரொஜெக்டரைப் போட்டு இங்கிலாந்தின் ஒரு மலைச்சரிவைக் காட்டினான். கொஞ்ச நேரம் எல்லோரும் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

“பிளேடுங்கறது வெறும் இரும்பு இல்ல” என்றான். “அது ஒரு எக்ஸ்பீரியன்ஸ். பத்து வருஷம் கழிச்சு லா வெர்டியோரா புல் எப்படி ஃபீல் பண்ணணும்? அங்கேருந்து ஆரம்பிச்சுப் பின்னாடி வரணும்.”

பின்னாடி வந்து வந்து, ஒரு வழியாகப் பிளேடுக்கும் வந்தான். ஒரு வகையில் நுனி மடிப்பு நன்றாக மேலே தூக்கியிருக்கும். அது காற்றை இழுத்துப் புல்லை நிமிர்த்தி, வெட்டி வெளியே எறியும். இன்னொரு வகை, வெட்டின புல்லைப் பொடிப்பொடியாக நறுக்கி மண்ணிலேயே உரமாகப் போட்டுவிடும். மூன்றாவது, இரண்டுக்கும் பொதுவானது. பழைய பிளேடு அந்த வகை. இவ்வளவுதான் விஷயம். டீ ஆறுவதற்குள் முடிவெடுத்திருக்கலாம்.

தகவல் தொடர்புச் செயலாளர் சஹானா கை தூக்கினாள். “அந்த ரெண்டாவது பிளேடு நம்ம புல்லையே நறுக்கி நமக்கே திருப்பிப் போடுது. இதுக்கு ரெசிடென்ட்ஸ்கிட்ட கன்சென்ட் வாங்கினோமா?”

வாங்கவில்லை. ஆகவே சம்மதப் படிவம் தயாரிக்க ஓர் உப உபகுழு பிறந்தது. அடுத்து டி டவர் ஆராவமுதன் எழுந்தார். “மண்புழு ஏதாவது மாட்டிண்டா? நாங்க சைவம். எங்க ஜன்னலுக்குக் கீழ அந்தப் பாவம் நடக்கக் கூடாது.” பிளேடு சைவமாக இருக்க வேண்டும் என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவானது. யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்ததற்குக் காவலாளி வந்து தோளைத் தட்டினான்.

பிறகு சங்கத்தின் கைபேசிச் செயலியில் வாக்கெடுப்பு. நான்கு தேர்வுகள் கொடுத்திருந்தார்கள். அமோகமாக ஜெயித்தது ‘மேற்கண்ட எதுவும் இல்லை’. மக்கள் இன்னும் உயர்ந்த பிளேடை எதிர்பார்க்கிறார்கள் என்று ப்ரஹ்லாத் இதற்கு விளக்கம் சொன்னான். ஆகவே ஒரு கல்விச் சுற்றுலா ஏற்பாடானது. ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையின் புல்வெளி ஒட்ட வெட்டினாற்போல இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உபகுழு முழுவதும் வேனில் கிளம்பி, சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் அரை நாள் கிடந்து, அங்கே போய்ச் சேர்ந்தது. அந்தப் புல்லை ஒரு பசு மேய்ந்துகொண்டிருந்தது. சுற்றுலா அறிக்கையில் அதை ‘தானே நகரும் இயற்கைத் தீர்வு, வாரன்டி இல்லை’ என்று எழுதினார்கள். அறிக்கையின் அட்டையில் பசுவோடு எல்லோரும் நிற்கிற படம்.

புல் முழங்காலைத் தொட்டது. பூனைகள் அதற்குள் போய்க் காணாமல் போயின.

மௌரீன் மறுபடி தலைவரிடம் போனார். தானே ஆள் கூட்டிவந்து அரிவாளால் வெட்டிக்கொள்வதாகக் கெஞ்சினார்.

“வெளி ஆள் நம்ம புல்லைத் தொடறதா? அப்புறம் ஆளாளுக்குப் புல்லு வெட்ட ஆரம்பிச்சுடுவா. சிஸ்டம்னு ஒண்ணு இருக்கோன்னோ?”

“சார், எந்த பிளேடா இருந்தாலும் எனக்கு ஓகே. அந்தம்மா வீல் சேரு உள்ள வரணும். நான் வாக்குக் குடுத்துட்டேன்.”

“மேடம், இந்த ‘எதுவா இருந்தாலும் ஓகே’ங்கற புத்திதான் இந்தியாவையே கெடுத்தது” என்றார் தலைவர். அவருடைய தாத்தா ஒரு பேனா நிப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு தசரா முழுக்க எடுத்துக்கொண்ட கதையையும் சொன்னார். மௌரீன் நின்றபடியே கேட்டார். உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் விடிகாலையில் டென்சில் ரோஜாச்செடிக்கு வைத்திருந்த கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், வாசலிலிருந்து ரிசப்ஷன் மேடை போடப்போகிற இடம் வரைக்கும் ஒரு வீல் சேர் போகிற அகலத்துக்கு வெட்ட ஆரம்பித்தார். ஒரு கட்டில் அளவு வெட்டியிருப்பார். அதற்குள் காவலாளியின் விசில் சத்தம். ‘பொதுப் புல்லுக்குச் சேதம் விளைவித்தது ஏன்’ என்று விளக்கம் கேட்டு மதியம் நோட்டீஸ் வந்தது. வெட்டின இடத்தைச் சுற்றி, விசாரணை முடியும்வரை, மஞ்சள் நாடா கட்டினார்கள்.

கல்யாண வாரத்தில் பிளேடு தேர்வாகிவிட்டது. எழுபத்து மூன்று அளவுகோல்களில் மதிப்பெண் போட்டுப் பார்த்ததில் முதலிடம் பெற்றது பழைய பிளேடேதான். அதே கம்பெனி, அதே நீளம், நடுத்துளை உட்பட எல்லாம் அதே. கூட்டத்தில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

“சில பேர் கேக்கலாம், அதே பிளேடுதானேன்னு” என்று தலைவர் டென்சிலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “இல்லை. அப்போ அது தற்செயல். இப்போ அது தேர்வு. அப்போ புல்லு சும்மா வெட்டுப்பட்டுது. இனிமே ஒரு கொள்கைப்படி வெட்டுப்படும். நாங்க என்ன பண்ணினோம்னு கேக்கறவா, நாங்க எவ்வளவு நாள் பண்ணினோம்னு பார்க்கணும்!”

வெள்ளிக்கிழமை மாலை தொடக்க விழா. புல்வெட்டிக்கு மாலை போட்டிருந்தது. புதுப் பிளேடுகளை வெல்வெட் துணியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். தலைவர் பெயர் பெரிதாகவும் உபகுழுவினர் பெயர்கள் சிறிதாகவும் இரண்டிலும் லேசரில் பொறிக்கப்பட்டிருந்தன. வண்டி ஓட்டுகிற ஃபிராங்க்ளின் கீழே படுத்து ஒன்றை மாட்டப் போனபோது, தலைவர் குனிந்து பார்த்துவிட்டு “நிறுத்து!” என்று கத்தினார்.

பெயர் பொறித்த பக்கம் தரையைப் பார்த்திருந்தது.

“இந்தப் பக்கம்தான் சார் கீழ வரணும்” என்றான் ஃபிராங்க்ளின். “பாருங்க, கம்பெனிக்காரனே எழுதியிருக்கான், ‘இந்தப் பக்கம் புல்லுக்கு’ன்னு.”

“அதுக்குப் பக்கத்துலயே என் பேர் எழுதியிருக்கே, அது கண்ணுக்குத் தெரியலையா? கம்பெனிக்காரன் எழுதினது பெரிசா, சங்கம் எழுதினது பெரிசா?”

“திருப்பி மாட்டினா கூரு பின்னால போயிடும் சார். வெறும் முதுகு வச்சு அடிக்கும். வெட்டாது.”

“சஹானா, இதை மினிட்ஸ்ல போட்டுக்கோம்மா. ஆபரேட்டர் நெகட்டிவா பேசறார்.”

மௌரீனுக்கு வாய் நிற்கவில்லை. “எந்தப் பக்கம் மாட்னாலும் மூடிக்குள்ளதானே சார் இருக்கும்? யாரு சார் குனிஞ்சு பாக்கப் போறாங்க?”

“யாரும் பார்க்க வேண்டாம் மேடம். எனக்குத் தெரியுமோன்னோ? என் பேர் சேத்தைப் பார்த்துண்டு சுத்தறதுன்னு தெரிஞ்சா எனக்கு ராத்திரி தூக்கம் வருமா?”

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. மண்புழு ஆராவமுதன் இரண்டு கையையும் தூக்கினார். ஃபிராங்க்ளின் ஒருமுறை மௌரீனைப் பார்த்தான், பிறகு பிளேடுகளைப் பெயர் மேலே வருகிற மாதிரி, தலைகீழாக மாட்டினான். வேலை போனால் அவன் வீட்டில் யார் சோறு போடுவார்கள்?

தலைவர் ரிப்பன் வெட்டினார். அந்த வாரம் அந்த வளாகத்தில் ஒழுங்காக வெட்டுப்பட்டது அந்த ரிப்பன் ஒன்றுதான். வண்டி உறுமிக்கொண்டு புல்வெளியை வலம் வந்தது. புல் அடிவாங்கி அப்படியே சாய்ந்து படுத்தது. சாய்ந்த புல்மேல் மாலை வெயில் பட்டு, தூரத்திலிருந்து பார்க்கப் பட்டு விரித்த மாதிரி இருந்ததை நானே ஒப்புக்கொள்கிறேன். ‘புல் ஒன்றரை அங்குல உயரத்துக்கு வெட்டப்பட்டது’ என்று அங்கேயே தீர்மானம் போட்டு எல்லோரும் கையெழுத்திட்டார்கள். யாரும் குனிந்து அளந்து பார்க்கவில்லை.

அன்றிரவு நல்ல மழை. காலையில் புல் பழைய உயரத்துக்கு எழுந்து நின்றது.

மௌரீன் தலையில் முடி சுருட்டும் ரோலர்களோடு ஓடினார். தலைவர் நடைப்பயிற்சியில் இருந்தார்.

“வெட்டியாச்சுன்னு தீர்மானம் இருக்கே மேடம்” என்றார். “தீர்மானத்துக்கு அப்புறம் நிக்கறதுன்னா அது அடுத்த மாசப் புல்லு. அஜெண்டாவுல வரட்டும்.”

“அப்ப புல்லச் சுத்திப் போற அந்தத் தார் ரோட்டையாவது குடுங்க சார். ஒரு மணி நேரம்.”

“ஃபயர் லேன்லயா? ஃபயர் எஞ்சின் வர்ற வழியாச்சே! உங்களுக்கு வெட்டின புல்வெளி ஒதுக்கியாச்சு. சாயந்தரம் கமிட்டி முழுக்க வரோம். நடு டேபிள் போட்டுடுங்கோ, ஃபோட்டோ நன்னா வரும்.”

மௌரீன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். கல்யாணப் பெண்ணின் அம்மா, கல்யாணத்தன்று காலையில், புல்லுக்காக அழுதார். எனக்கு அந்த மனிதரைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. டென்சில் பக்கத்தில் உட்கார்ந்து, “வுடு மா, சர்ச்சுக்கு நேரமாவுது” என்றார். மௌரீன் முகத்தைக் கழுவிக்கொண்டு சர்ச்சுக்குப் போனார்.

மாலையில் சமையல்காரர்கள் எப்படியோ மேசை நாற்காலிகளைப் புல்லுக்குள் இறக்கியிருந்தார்கள். உட்கார்ந்தால் நாற்காலி சாய்ந்தது. கீபோர்ட் வாசிக்க வந்திருந்த க்ளென் மேடையோரம் நின்றான். பெண்கள் பாவாடை விளிம்பையும் புடவையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கமிட்டி மட்டும் நிமிர்ந்த நடையாக வந்து நடு மேசையைச் சுற்றி அமர்ந்தது. “என்ன ஃபினிஷ், பார்த்தேளா!” என்று தலைவர் ஒருவரைக் கேட்டது என் காதில் விழுந்தது.

ஆஞ்சலா நீலப் பட்டில், தலையில் பூவோடு வந்தார். யாரையும் தள்ள விடவில்லை. தார் ரோட்டில் தானே உருட்டிக்கொண்டு வந்து புல்லின் விளிம்பில் இறங்கினார். முன்சக்கரம் சிக்கிப் பக்கவாட்டில் திரும்பியது. இன்னொரு முறை உந்தினார். நாற்காலி ஆடியது, நகரவில்லை. டிரேவர் மேடையிலிருந்து ஓடிவந்தான். அவன் பின்னால் நான்கு பையன்கள், தூக்குவதற்கு. ஆஞ்சலா சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். மௌரீனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

“யாரும் தூக்காதீங்க!” மௌரீன் வகுப்பறைக் குரலில் கத்தினார். “க்ளென், உன் கீபோர்ட எடுத்துனு ரோட்டுக்கு வா. டென்சில், கேக்கு. நீங்க நாலு பேரும் டேபிள் தூக்குங்க. அவங்க எதுக்குப் புல்லுக்குள்ள வரணும்? ரிசப்ஷன் அவங்ககிட்ட வரட்டும்.”

காவலாளி ஓடிவந்தான். “மேடம், இது ஃபயர் லேன், மேடம்!”

“ஃபயர் எஞ்சின் வந்தா அவங்களுக்கும் கேக்கு குடுப்பேன். தள்ளிக்கோ.”

மொத்தக் கூட்டமும் நாற்காலிகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தார் ரோட்டுக்கு வந்தது. நடு மேசை மட்டும் அசையவில்லை. ஏனென்றால் அந்தக் களேபரத்தில் மிரண்ட ஒரு சாரைப்பாம்பு, அந்த மேசைக்கு அடியில் புகுந்து போனது. ப்ரஹ்லாத்தின் கால்தான் முதலில் மேலே போனது. பிறகு வரிசையாக எல்லாக் கால்களும் நாற்காலிமேல் ஏறின. யாரும் சத்தம் போடவில்லை. ஒன்றரை அங்குலப் புல்லில் பாம்பு எப்படி ஒளியும்? பாம்பு நேராக மதில் பக்கம் போய் மறைந்ததை நான் பார்த்தேன். போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை.

டென்சில் நல்லவர். புல்லை விலக்கிக்கொண்டு அவர்களைக் கூப்பிடப் போனார்.

“சார், வாங்க. எல்லாரும் அங்க இருக்காங்க.”

“பரவால்ல. இங்க காத்து நன்னா வர்றது.”

“கால ஏன் சார் மேல வச்சிட்டிருக்கீங்க?”

“யோகா.”

“புல்லுல ஏதாச்சும் இருக்குதா சார்?”

“எந்தப் புல்லு?” என்றார் தலைவர்.

டென்சில் திரும்பி வந்துவிட்டார். ரோட்டில் க்ளென் வாசிக்க ஆரம்பித்திருந்தான். ஆஞ்சலா கூட்டத்துக்கு நடுவே தானே உருட்டிக்கொண்டு வந்து, மகனையும் மருமகளையும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். விசிலடிக்காத ஆள் பாக்கியில்லை. மௌரீன் மறுபடி அழுதார், இந்தத் தடவை மறைக்காமல்.

கேக் வெட்டும்போது லவினா புல்வெளியைத் திரும்பிப் பார்த்தாள். இருட்டுகிற நேரத்தில், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஏழெட்டுத் தலைகள் வட்டமாகத் தெரிந்தன.

“பாவம்மா. யாராவது போயிக் கூட்டியாரலாமா?”

“இங்கேருந்து எவ்ளோ தூரம்?” என்றார் மௌரீன். “புல்லு வளந்திருக்குன்னு வாயால ஒரு தரம் சொல்லட்டும். நானே போயி கையப் புடிச்சுக் கூட்டியாரேன்.”

டென்சில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நடு மேசை அதைப் பற்றி ஆலோசிக்க ஆரம்பித்தது. நாங்கள் சாப்பிட்டு, ஆடி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் வண்டியேற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகும்போதும், கால்களை இறக்காமல், அவர்கள் ஆலோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.